காரைக்குடியிலிருந்து கவுன்சிலிங் முதுகலை: எந்தப் படிப்புக்குப் பணம் கட்டலாம்?

நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் எந்தக் கல்வி நிறுவனமும் தகுதியுள்ள ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ வைத்திருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் கொடுத்தது. குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநலத்தில் அவருக்குப் பயிற்சி இருக்க வேண்டும் என்பதும் அதிலேயே உண்டு. நூறுக்குக் கீழே உள்ள பள்ளி என்றால் வெளியில் உள்ள மனநல வல்லுநரோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூரில் ஓரளவு பெயருள்ள பள்ளி எதுவும் நூறைச் சுலபமாகத் தாண்டிவிடும். அதனால்தான் பி.எட். முடித்தவர்களும் பி.எஸ்சி. உளவியல் முடித்தவர்களும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள்.

படிப்பு விளம்பரங்களைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் இருப்பார், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இருக்கும், ‘கேஸ் ஸ்டடி’ என்று ஒரு வரி இருக்கும். பாடத்திட்டத்தை வைத்து நல்லது கெட்டது பிரிக்க முடியாது. கீழே வரும் நான்கு படிப்பு வழிகளையும் ஒரே கல்லில்தான் எடை போட்டிருக்கிறோம்: மேற்பார்வையாளர் ஒருவரின் கண்காணிப்பில், உண்மையான ஒரு மனிதருக்கு எதிரே எத்தனை மணி நேரம் உட்கார வைக்கிறார்கள்?

அளவுக்கு ஒரு எண் வேண்டுமானால் அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே கவுன்சிலிங் முதுகலைகளுக்கு அங்கீகாரம் தரும் காக்ரெப் அமைப்பு, பள்ளிப் பிரிவானாலும் சமூக மனநலப் பிரிவானாலும் 60 செமஸ்டர் கிரெடிட் கேட்கிறது. முதலில் 100 மணி நேர ப்ராக்டிகம், அதாவது தொடக்கநிலைச் செய்முறைப் பயிற்சி. அதில் 40 மணி நேரம் நேரடியாக ஆட்களோடு. அதன் பிறகு 600 மணி நேர இன்டர்ன்ஷிப். அதில் 240 நேரடி. கூட்டிப் பார்த்தால் 700-இல் 280, பத்துக்கு நாலு. இது போக வாரம் சராசரியாக ஒரு மணி நேரம் தனி மேற்பார்வை, ஒன்றரை மணி நேரம் குழு மேற்பார்வை. நம் ஊர்ப் படிப்பு எதையும் இந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனால் சேர்க்கை அலுவலகத்தில் “ப்ராக்டிகல் நிறைய உண்டு” என்று சொன்னால், ‘நிறைய’ என்றால் எவ்வளவு என்று திருப்பிக் கேட்க இந்த எண்கள் உதவும்.

தொலைநிலைக் கதவு மூடியது

முதலில் ஒரு எச்சரிக்கை. வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் உளவியல் முதுகலை முடிப்பது ஆசிரியர்களும் குடும்பப் பெண்களும் வழக்கமாகத் தேர்ந்தெடுத்த பாதை. 2021-ஆம் ஆண்டின் தேசிய இணைநலத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளை, உளவியல் உட்பட, தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யுஜிசி அறிவித்துவிட்டது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து இது நடப்பில் இருக்கிறது. இன்னமும் யாராவது “தொலைநிலையில் எம்.எஸ்சி. சைக்காலஜி, சீட் சில மட்டுமே” என்று அழைத்தால், யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும், அந்தப் படிப்பின் பெயரையும், சேரப்போகும் ஆண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருப்பதும் படிப்புக்கு அனுமதி இருப்பதும் வேறு வேறு.

இன்னொன்று. முதுகலை முடித்தவர் ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்று போர்டு மாட்ட முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற தனிப் படிப்பு வேண்டும், அதன் பதிவேட்டில் எண் வேண்டும். கவுன்சிலர் வேறு, மருத்துவ உளவியலாளர் வேறு, மனநல மருத்துவர் வேறு. மூன்றையும் கலந்து பேசும் படிப்பு அலுவலகத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

நான்கு வழிகள்

முழுநேர எம்.எஸ்சி. கவுன்சிலிங் சைக்காலஜி, இரண்டு ஆண்டு. பள்ளி ஆலோசகர் வேலைக்கு இதுதான் முதல் தேர்வு. சென்னையில் 1952-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க், லயோலா கல்லூரி போன்ற இடங்களில் உண்டு. காரைக்குடிப் பிள்ளைக்கு இது விடுதிச் செலவோடு வரும் படிப்பு; வீட்டில் அதைத் தாங்க முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. சென்னையில் பயிற்சி எடுப்பதில் ஒரு குறையும் இருக்கிறது. அங்கே வரும் பிள்ளை ஆங்கிலம் கலந்து பேசும், அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போவார்கள். செட்டிநாட்டுப் பள்ளியில் அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார், பிள்ளை அப்பத்தாவிடம் வளரும், முடிவெடுப்பவர் பெரியப்பாவாக இருப்பார். யாரிடம் ஒப்புதல் வாங்குவது, யாரை அழைத்துப் பேசுவது என்பதே இங்கே வேறு கணக்கு. இரண்டாம் ஆண்டு இன்டர்ன்ஷிப்பைச் சொந்த ஊர்ப் பக்கம் செய்ய அனுமதிக்கும் துறையா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணி முதுகலை, மருத்துவ-மனநலப் பிரிவு. மதுரை சமூக அறிவியல் கல்லூரி போன்ற இடங்களுக்கு ஒரு வழித் தூரம் சுமார் 90 கி.மீ. வாரத்தில் இரண்டு நாள் களப்பணி என்பது இந்தப் படிப்பில் வழக்கம். நாளுக்கு ஏழு மணி நேரம், செமஸ்டருக்கு 15 வாரம் என்று வைத்தால் 210 மணி நேரம். நான்கு செமஸ்டரில் 840. எண் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி வீட்டுப் பார்வை, பதிவேடு, விழிப்புணர்வு முகாம், ஊர்வலம். ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து பேசும் நேரம் குறைவு. முகாமுக்கு நாற்காலி போட்டதும் களப்பணிக் கணக்கில் ஏறிவிடும். சமூக ஆலோசனைப் பணிக்கு நல்ல அடித்தளம். தனிநபர் ஆலோசனைத் திறனை வேறு எங்காவது சேர்த்துக்கொள்ள வேண்டும்.

என்சிஇஆர்டி நடத்தும் வழிகாட்டுதல்-ஆலோசனை டிப்ளமோ. ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவருக்கு, கொடுக்கும் காசுக்கும் நேரத்துக்கும் இதைவிடக் கட்டுக்கோப்பான படிப்பு கிடைப்பது அரிது. ஓராண்டு: ஜனவரி முதல் ஆறு மாதம் வீட்டிலிருந்தே படிப்பு, அடுத்த மூன்று மாதம் நேரில் தங்கிப் பயிற்சி, கடைசி மூன்று மாதம் சொந்த ஊரில் இன்டர்ன்ஷிப். தென் மாநிலத்தவருக்கு மைசூர் மண்டலக் கல்வி நிறுவனம்தான் மையம். சிக்கல் நடு மூன்று மாதத்தில் வரும். ஜூலையில் மைசூர் போக வேண்டும். தனியார் பள்ளி நிர்வாகம் அந்த நேரத்தில் விடுப்புத் தர யோசிக்கும். அனுமதிக் கடிதத்தை விண்ணப்பிக்கும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். இது டிப்ளமோதான், முதுகலைப் பட்டத்துக்கு ஈடாகாது. “உளவியல் முதுகலை” என்று தகுதி கேட்கும் அறிவிப்புக்கு இது மட்டும் போதாது.

ஓராண்டு முதுநிலை டிப்ளமோ, வார இறுதி வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை விரிவுரை, ஆண்டுக் கடைசியில் எழுத்துத் தேர்வு, பத்துக் கேஸ் ரெக்கார்டு. ரெக்கார்டை யாரும் கேள்வி கேட்காததால் முந்தைய ஆண்டு நோட்டில் பெயரை மாற்றி எழுதும் பழக்கம் இங்கேதான் அதிகம். ஆசிரியர் தன் வகுப்பை இன்னும் நன்றாகப் புரிந்துகொள்ள உதவும். இதை நம்பி வேலையை விடாதீர்கள். கையெழுத்தை வைத்துக் குணம் சொல்லுதல், மூளைத் தூண்டல் என்று கூடவே ஒட்டிக்கொண்டு வரும் சான்றிதழ்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மேற்பார்வை என்றால் என்ன நடக்க வேண்டும்

நல்ல துறையில் இப்படி நடக்கும். மாணவர், ஒப்புதல் வாங்கி, ஓர் அமர்வைப் பதிவு செய்கிறார். சிறுவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் ஒப்புதலும் சிறுவரின் சம்மதமும் வேண்டும். 45 நிமிடப் பேச்சில் பத்து நிமிடத்தை வரி வரியாக எழுதுகிறார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குறி போடுகிறார்: திறந்த கேள்வி, மூடிய கேள்வி, சொன்னதைத் திருப்பிச் சொல்லுதல், உணர்வைப் பிரதிபலித்தல், அறிவுரை, மௌனம். மேற்பார்வையாளர் ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே அந்தத் தாளைத் திருத்துகிறார். அமர்வு முடிந்த வாரத்துக்குள் இது நடக்க வேண்டும். செமஸ்டர் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்துப் போடுவதற்கு மேற்பார்வை என்று பெயரில்லை.

முதல் தாளில் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும் கோளாறு இது:

“வீட்டுக்குப் போகவே பிடிக்கல மிஸ்.”
“அப்படிச் சொல்லக் கூடாதும்மா. அப்பத்தா பாவம்ல, உனக்காகத்தானே இருக்காங்க.”

அடுத்த வரியில் பிள்ளை “சரி மிஸ்” என்று சொல்லி மூடிக்கொள்ளும். பயிற்சி மாணவர் நன்றாகப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டு எழுந்து போவார். “வீட்டை நினைச்சாலே பாரமா இருக்கு போல. போனா என்ன நடக்கும்?” என்று கேட்டிருந்தால் பேச்சு திறந்திருக்கும். இந்த வித்தியாசத்தைப் புத்தகம் சொல்லிக் கொடுக்காது. தன் குரலைத் தானே திரும்பக் கேட்கும்போதுதான் உறைக்கும். ஆசிரியராக இருந்து வருபவர்களுக்கு அறிவுரையை அடக்குவது இன்னும் கடினம், தொழில் பழக்கம் அப்படி.

பதிவைத் தமிழில்தான் கேட்க வேண்டும், தமிழில்தான் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ரெக்கார்டு எழுதச் சொல்லும் துறைகளில் பாதிப் பயிற்சி அங்கேயே கரைந்துவிடும். “நெஞ்சு அடைக்குது”, “தலை கனக்குது”, “கை காலெல்லாம் விட்டுப்போச்சு” என்று உடம்பைச் சொல்லித்தான் இங்கே பெரும்பாலோர் மனக்கஷ்டத்தைச் சொல்வார்கள். அதை ‘பதற்றம்’ என்று ஒரே சொல்லில் நோட்டில் எழுதினால், எங்கே, எப்போது, யாரைப் பார்த்தால் என்ற தகவல் போய்விடும்.

கருவிகளும் நெருக்கடியும்

அளவுகோல்களை எத்தனை கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதைவிட, எப்படிப் பயன்படுத்தச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பள்ளிக்கு, பிள்ளைகளின் உணர்வையும் நடத்தையையும் பார்க்கும் எஸ்டிக்யூ வினாப்பட்டியல் போதும்: 25 கேள்வி, 4 முதல் 17 வயதுவரை, தமிழிலும் கிடைக்கிறது. பெரியவர்களுக்கு மனச்சோர்வு அறிய பிஎச்க்யூ-9 வினாப்பட்டியல். மொத்தம் 0 முதல் 27 வரை, 10-ஓ அதற்கு மேலோ வந்தால் மேலே விசாரிக்க வேண்டும். அதன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. மொத்த மதிப்பெண் 6 என்று வந்தாலும் ஒன்பதாவதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும் அந்த நபரை அன்றைக்கே, நேருக்கு நேர் விசாரித்தாக வேண்டும். கூட்டல் போட்டுவிட்டுத் தாளை அடுக்கி வைக்கும் பழக்கம் ஆபத்தானது; ஆய்வுக்காக வகுப்பு முழுக்கத் தாள் கொடுக்கும்போது இதுதான் நடக்கிறது.

தற்கொலை அபாயம் உள்ளவரோடு பாதுகாப்புத் திட்டம் எழுதுவதை வகுப்பில் நடித்துப் பார்க்க வைக்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். அதில் ஆறு படி: எச்சரிக்கை அறிகுறிகள், தானே செய்துகொள்ளக்கூடியவை, மனதைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடிய சொந்தங்கள், வல்லுநர்களின் எண்கள், ஆபத்தான பொருள்களை எட்டாமல் வைப்பது. கடைசிப் படியைத்தான் பயிற்சி மாணவர்கள் கூச்சப்பட்டு விட்டுவிடுவார்கள். விவசாய வீட்டில் பூச்சி மருந்து எங்கே இருக்கிறது, பெரியவர்களின் மாத்திரை டப்பா யார் கையில் என்று வீட்டாரிடம் பேசிப் பூட்ட வைக்காமல் அந்தத் தாள் முழுமையாகாது. ஐந்தாவது படியில் எழுத வேண்டிய எண்கள் மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலிமனஸ் 14416, தமிழக அரசின் 104, குழந்தைகளுக்கு 1098. 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. “போலீஸ் கேஸ் ஆயிடும்” என்று மறைக்கும் குடும்பத்திடம் இதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ரகசியம் காப்பதன் எல்லை முதல் அமர்விலேயே சொல்லப்பட வேண்டும். போக்சோ சட்டம், 19-ஆம் பிரிவு: 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று ஐயம் வந்தாலோ காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும். 21-ஆம் பிரிவு: தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம்வரை சிறை அல்லது அபராதம், நிறுவனத் தலைவருக்கு ஓராண்டுவரை. பதினேழு வயதுப் பெண் “நானும் விரும்பித்தான் பழகுறேன்” என்று சொன்னாலும் சட்டம் மாறாது. “நீ சொல்வது நம் இருவருக்குள்தான்” என்று முழு வாக்குறுதி கொடுத்துவிட்டுப் பிறகு புகார் செய்தால் அந்தப் பிள்ளை இன்னொரு பெரியவரை நம்பாது. இந்த உரையாடலை ஒத்திகை பார்க்காமல் பள்ளிக்கு அனுப்பும் படிப்பு, மாணவரையும் பிள்ளையையும் சேர்த்தே ஆபத்தில் தள்ளுகிறது.

பள்ளி இன்டர்ன்ஷிப்: நாள்காட்டி தவறினால் எல்லாம் தவறும்

பல துறைகள் பள்ளிப் பயிற்சியை இரட்டைப்படை செமஸ்டரில், ஜனவரி முதல் ஏப்ரல்வரை வைக்கின்றன. தமிழ்நாட்டுப் பள்ளிக்கு இதைவிடப் பொருந்தாத காலம் கிடையாது. பிப்ரவரியில் பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத் தேர்வு. எந்தத் தலைமையாசிரியரும் பிள்ளையை வகுப்பிலிருந்து எழுப்பி அனுப்ப மாட்டார். பயிற்சி மாணவர் ஆறாம் வகுப்புக்குப் போய் ‘தேர்வை எதிர்கொள்வது எப்படி’ என்று பேசிவிட்டு அதை ஆலோசனை நேரமாக எழுதிக்கொள்வார். மூன்றாம் செமஸ்டரில், ஜூலை முதல் நவம்பர்வரை வைக்கும் துறையைத் தேடுங்கள். நடுவில் காலாண்டுத் தேர்வு வந்தாலும், ஒரு பிள்ளையை ஆறேழு முறை தொடர்ந்து பார்க்கலாம்.

அரசுப் பள்ளி என்றால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி வேண்டும். சிவகங்கைக்குக் கடிதம் போய் வர நாளாகும். துறை அதை ஏப்ரல், மே மாதத்திலேயே அனுப்பியிருக்க வேண்டும். கடிதத்தில் மாணவர் பெயர், நாட்கள், எந்த வகுப்பு, பேச்சைப் பதிவு செய்வார்களா, பொறுப்புப் பேராசிரியர் யார் என்பவை இருக்க வேண்டும். ‘பதிவு’ என்ற வரியை விட்டுவிட்டுப் பிறகு கேட்டால் கிடைக்காது.

இடம் இன்னொரு தலைவலி. ஆய்வகத்தின் ஓரம், விளையாட்டுப் பொருள் அறை, தலைமையாசிரியர் அறைக்கு எதிர் வராந்தா. வராந்தாவில் உட்கார்ந்தால் அடுத்த இடைவேளைக்குள் அந்தப் பிள்ளைக்குப் பட்டப்பெயர் விழுந்துவிடும். நூலக அறை, மதிய உணவுக்குப் பிந்தைய பீரியட் என்று கேட்டு வாங்குவது ஓரளவு சரிவரும். குறிப்பேட்டில் பெயருக்குப் பதில் எண், பெயர்ப் பட்டியல் தனியே, இரண்டும் பூட்டிய அலமாரியில். பள்ளியின் ஒழுங்குப் பதிவேட்டில் ஒரு வரிகூட எழுதக் கூடாது. ஆசிரியர் “இவனைக் கொஞ்சம் திருத்தி அனுப்புங்க” என்று பிடரியைப் பிடித்துக் கூட்டி வரும்போது, அந்த அமர்வுக்கு முன் ஆசிரியரோடு பத்து நிமிடம் பேசச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ‘திருத்துவது’ தன் வேலை இல்லை என்று மரியாதை குறையாமல் சொல்வது தனித் திறமை.

சமூகப் பக்கம்

காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் பயிற்சிக்கு இடம் குறைவில்லை, படிப்புகள்தான் தேடுவதில்லை. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்ஐவி ஆலோசனை, மாவட்ட மனநலத் திட்டத்தின் வெளிநோயாளர் நாள், சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம். இவற்றில் பல பணியிடங்கள் தொகுப்பூதிய ஒப்பந்தம்தான் என்பதையும் தெரிந்துகொண்டு வாருங்கள். புதுவயல் அரிசி ஆலைக் குடும்பங்களும் ஆத்தங்குடி டைல் பட்டறைத் தொழிலாளர்களும் பகலில் மையத்துக்கு வர மாட்டார்கள், கூலி போய்விடும். மாலை ஆறு மணிக்கு மேல் களம் வைக்காத படிப்புக்குச் சமூக ஆலோசனை என்ற பெயர் ஒட்டாது.

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் உட்கார வைப்பதை மட்டும் எச்சரிக்கையோடு பாருங்கள். அங்கே நடப்பது பெரும்பாலும் சமரசப் பேச்சு. அடி வாங்கிய பெண்ணையும் அடித்தவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து “அனுசரிச்சுப் போங்க” என்று முடிப்பதைப் பார்த்துப் பழகினால், அதுவே கவுன்சிலிங் என்று கையில் படிந்துவிடும்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போய்விட்டுத்தான் பலர் ஆலோசகரிடம் வருவார்கள். அதைப் பழிக்காமல் கேட்கவும், மருந்து நிற்காமல் பார்த்துக்கொள்ளவும் பயிற்சி வேண்டும். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்ததைச் சமூக ஆலோசனை வகுப்பில் பேசாமல் விட முடியாது. யாரை, எப்போது, எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது என்ற பட்டியல் பயிற்சி மாணவரின் பையில் இருக்க வேண்டும்.

ஆய்வேடு பற்றிச் சுருக்கமாக: நாலாம் செமஸ்டரில் கல்லூரி மாணவர் நூற்றைம்பது பேருக்குக் கேள்வித்தாள் கொடுத்து டி-டெஸ்ட் என்ற புள்ளியியல் கணக்குப் போடுவதற்கே ஆலோசனை நேரம் பலியாகிறது. ஆய்வேட்டுக்குப் பதிலாக ஒரு முழு கேஸ் ஆய்வை ஏற்கும் துறை கிடைத்தால் அதை எடுங்கள்.

பணம் கட்டும் முன்

துறைத் தலைவரிடம் இவற்றைக் கேளுங்கள், பதிலை எழுதிக்கொள்ளுங்கள். நேரடி ஆலோசனை மணி நேரம் எத்தனை, அதில் குழுப் பேச்சைக் கணக்கில் சேர்க்கிறார்களா? மேற்பார்வையாளர் கடைசியாக எப்போது தானே ஒருவருக்கு ஆலோசனை கொடுத்தார்? ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை மாணவர்? பன்னிரண்டைத் தாண்டினால் வாரம் ஒருமுறை தனியாகப் பேசுவது நடக்காது, எங்கள் கணக்கு அது. ஒலிப்பதிவு கட்டாயமா? போன வருட மாணவரின் லாக் புத்தகத்தைப் பெயர் மறைத்துக் காட்ட முடியுமா? கடைசிக் கேள்விக்கு முகம் மாறினால் போதும், மற்ற பதில்களைச் சரிபார்க்கவே வேண்டியதில்லை.

ஏற்கெனவே பலவீனமான படிப்பில் சேர்ந்து பாதி வந்துவிட்டவர்கள் லாக் புத்தகத்தைத் தாங்களே ஒழுங்காகத் தொடங்கலாம்: தேதி, நபர் எண், எத்தனையாவது அமர்வு, நிமிடம், நேரடியா குழுவா, மேற்பார்வையில் என்ன பேசப்பட்டது, மேற்பார்வையாளர் கையெழுத்து. வெளியில் அனுபவமுள்ள ஆலோசகர் ஒருவரிடம் மாதம் இருமுறை கட்டணம் கொடுத்து மேற்பார்வை வாங்கலாம், ஆன்லைனிலும் நடக்கும். ஒப்புதல் படிவத்தில் இந்த வெளி மேற்பார்வையைப் பற்றியும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பதிவை அவருக்கு அனுப்புவதே ரகசிய மீறல் ஆகிவிடும்.